மணியின் காலும் எங்கள் கட்டும்
காயமுற்ற நாயின் பாதத்துக்கு வீட்டில் செய்யத்தக்கவையும் தகாதவையும்

சென்ற ஆண்டு ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. கோவண்டி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள எங்கள் குடியிருப்பின் வாயிலில் கணுக்கால் அளவுக்கு மழைநீர் தேங்கியிருந்தது. கடைக்குச் சென்று திரும்பிய எங்கள் மகள் கதவருகிலேயே நின்று, "அப்பா, படியெல்லாம் ரத்தம்" என்றாள். கீழ்த்தளத்திலிருந்து இரண்டாம் மாடி வரை, ஒரு படி விட்டு ஒரு படி, சிறு பூவைப் போன்ற சிவப்புத் தடங்கள். அவை எங்கள் கதவின் முன்னே வந்து முடிந்திருந்தன. மிதியடியின் மேல் மணி படுத்திருந்தான்; வலது முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான்.

மணி எவருடைய வளர்ப்பு நாயும் அல்லன்; குடியிருப்பு முழுவதற்கும் உரியவன். காவலாளியோடு இரவில் விழித்திருப்பான். பகலில் வாகன நிறுத்தத்தில் உறங்குவான். சோறு எங்கள் வீட்டில், பிஸ்கட் கீழ்வீட்டில் என அவனுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடும் பொறுப்பை நாங்கள் ஏற்றிருந்தோம். ஆகவே காயம் பட்டவுடன் அவன் எங்கள் வாசலைத் தேடி வந்ததில் வியப்பில்லை. அவனுக்கு நாங்கள் செய்த சிகிச்சையில்தான் இக்கட்டுரைக்கான காரணம் இருக்கிறது.

நாங்கள் செய்தது இதுதான். பாதத்தின் அடியில் நீளவாக்கில் ஒரு வெட்டு; கண்ணாடித் துண்டால் ஏற்பட்டது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. நீர் ஊற்றிக் கழுவினோம். எதிர்வீட்டு ஆச்சி, திருநெல்வேலிப் பக்கத்தவர், "தம்பி, மஞ்சளைக் குழைச்சு அப்பி இறுக்கிக் கட்டிருங்க, ரத்தம் தானா நிக்கும்" என்றார். மஞ்சளை வைத்தோம். பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினோம். கட்டும் வேளையில் வலி பொறாமல் மணி எங்களில் ஒருவரின் விரலைப் பல்லால் கீறிவிட்டான். இறுதியாக, மழைநீர் படாதிருக்கட்டும் என்று ஒரு பால் உறையைக் காலில் மாட்டி, நழுவாதபடி ரப்பர் பேண்டு ஒன்றைப் போட்டோம். குருதி நின்றது. நல்லதொரு காரியம் செய்த நிறைவோடு உறங்கச் சென்றோம்.

திங்கட்கிழமை காலாண்டுக் கணக்கு வேலை. காலையில் சென்றவர்கள் இரவில்தான் திரும்பினோம். மணி வாகன நிறுத்தத்தின் மூலையில் படுத்திருந்தான். ஓய்வெடுக்கிறான் என்று எண்ணிக்கொண்டோம். செவ்வாய்க்கிழமை காலையில் அவன் எழுந்து வரவில்லை. அருகே சென்று பால் உறையைக் கழற்றியபோது விரல்கள் இருமடங்காக வீங்கி, தொட்டால் குளிர்ந்திருந்தன. ரப்பர் பேண்டு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மயிருக்குள் புதைந்து தோலை அறுத்திருந்தது.

செம்பூரில் உள்ள கால்நடை மருத்துவர் அதை வெட்டி எடுத்தார். எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "கண்ணாடி செய்த காயம் சிறியது. இன்னும் ஒரு நாள் இப்படியே விட்டிருந்தால் பாதத்தை எடுக்க வேண்டியிருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதை அடுத்த வாரங்களில் கண்டோம். கண்ணாடி வெட்டு இரண்டு வாரங்களில் ஆறிவிட்டது. ரப்பர் பேண்டு உண்டாக்கிய புண் ஆற ஐந்து வாரங்கள் ஆயின.

நாய்க்குப் பாதத்தில் அடிபடுவது அன்றாடம் நிகழ்வது. நாய் வளர்க்கும் வாடிக்கையாளர்களும், தெருவில் ஒரு நாய்க்குச் சோறு வைக்கும் வாடிக்கையாளர்களும் நம்மிடையே பலர். அவர்களுக்கு எங்கள் பிழை பயன்படட்டும் என்றே இதனை எழுதுகிறோம். அந்த ஐந்து வாரங்களில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்றச் சென்றபோது மருத்துவரிடம் கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை இங்கே முறைப்படுத்தித் தருகிறோம்.

பாதம் ஏன் எளிதில் ஆறுவதில்லை?

நாயின் பாதத்தின் அடியில் கருமையாக, சற்றே சொரசொரப்பாக இருக்கும் பகுதிகளைப் பாத மெத்தைகள் எனலாம். விரலுக்கு ஒன்றாக நான்கு, நடுவில் பெரியதாக ஒன்று. முன்னங்காலில் மட்டும், சற்று மேலே, மணிக்கட்டுக்குப் பின்புறம் சிறியதாக இன்னொன்றும் உண்டு. மேல்தோல் தடித்திருந்தாலும் உள்ளே இருப்பது கொழுப்பும் இரத்தக் குழாய்களும் நிறைந்த மென்மையான திசு. ஆதலால் சிறு வெட்டுக்கும் குருதி மிகுதியாக வெளிப்படும். நாய்க்கு வியர்வை சுரப்பதும் பெரும்பாலும் இம்மெத்தைகளின் வழியாகத்தான். எனவே கட்டுக்குள் எப்போதும் சிறிது ஈரம் சேர்ந்துகொண்டே இருக்கும்.

மனிதனின் கையில் பட்ட காயத்துக்கு ஓய்வு கொடுக்கலாம். நாயின் பாதத்துக்கு அது வாய்ப்பதில்லை. ஒவ்வோர் அடி வைக்கும்போதும் உடலின் எடை மெத்தையை விரிக்கிறது. ஒட்டத் தொடங்கிய வெட்டின் விளிம்புகள் மீண்டும் பிரிகின்றன. இதனோடு நக்குதலும் சேர்கிறது. நாயின் எச்சில் புண்ணை ஆற்றும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. உண்மையில் இடைவிடாத நக்குதல் புண்ணை ஈரமாகவே வைத்து, வாயிலுள்ள கிருமிகளையும் சேர்த்து, ஆறும் தோலை மீண்டும் மீண்டும் உரித்துவிடுகிறது.

முதல் அரை மணி நேரம்

முதலில் காக்க வேண்டியது நம் கையை. எவ்வளவு பழகிய நாயாயினும் வலியில் கடிக்கும். அது துரோகமன்று, இயல்பு. மென்மையான துப்பட்டா அல்லது அகன்ற கட்டுத்துணியை மூக்குக்கு மேல் ஒரு சுற்றுச் சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுகளுக்குப் பின்னால் எளிதில் அவிழும்படி முடிச்சிட்டால் அதுவே வாய்க்கட்டு. மூச்சுத் திணறும் நாய்க்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு இனங்களுக்கும் இதனைக் கட்டலாகாது. ஒருவர் நாயின் தலையை அணைத்து மெல்லப் பேசிக்கொண்டிருக்க, மற்றொருவர் காலைக் கவனிப்பது நன்று.

அடுத்தது குருதியை நிறுத்துதல். சுத்தமான துணியை அல்லது காஸ் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உள்ளங்கையால் ஐந்து முதல் பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதா என்று நிமிடத்துக்கொரு முறை தூக்கிப் பார்ப்பது உறையத் தொடங்கிய குருதியைக் கலைத்துவிடும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்தலாம். பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் நிற்கவில்லையானால், அல்லது குருதி பீறிட்டு அடித்தால், அழுத்திய கையை எடுக்காமலேயே மருத்துவரிடம் புறப்பட வேண்டும். காலை மேலே கயிறு கொண்டு இறுக்கிக் கட்டுவது வீட்டில் முயலத்தக்கதன்று.

காயம் மெத்தையில் இல்லாமல் நகத்தில் இருந்தால், அதாவது நகம் பிளந்தோ முறிந்தோ குருதி வந்தால், சமையலறையிலுள்ள சோள மாவை நகத்தின் நுனியில் அழுத்தி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். காலின் உட்புறம் தரையைத் தொடாமல் சற்று மேலே இருக்கும் தனி நகத்தையும் பார்க்க மறக்கலாகாது. எதிலாவது மாட்டிக்கொண்டு கிழிவது பெரும்பாலும் அதுதான்.

குருதி நின்ற பின் நல்ல வெளிச்சத்தில் மெத்தைகளையும் விரலிடுக்குகளையும் ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமாகத் தெரியும் முள்ளையோ கண்ணாடிச் சில்லையோ சிறு இடுக்கியால் நேராக இழுத்து எடுக்கலாம். ஆழமாகப் பதிந்த துண்டைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. குருதிக் குழாயை அடைத்துக்கொண்டிருப்பது அத்துண்டாகவே இருக்கலாம். பிடுங்கினால் அடைப்பு திறந்துவிடும். அதைச் சுற்றிலும் துணியை வைத்து, அசையாதபடி மென்மையாகக் கட்டி, மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பின்னர் கழுவுதல். கொதித்து ஆறிய நீர் அரை லிட்டரில் ஒரு தேக்கரண்டி தூளுப்பைத் தலை தட்டிப் போட்டுக் கரைத்தால் போதும். அந்நீரைத் தாராளமாக ஊற்றி மண்ணும் மயிரும் வெளியேறும் வரை கழுவலாம். இதுவே வீட்டு மருத்துவத்தின் இன்றியமையாத பகுதி. மருந்தைவிட நீரே மிகுதியான கிருமியை அகற்றுகிறது. கழுவிய பின், மருந்துக்கடையில் கிடைக்கும் பாவிடோன் அயோடின் கரைசலை வெளிறிய தேநீரின் நிறம் வரும் வரை நீரில் கலந்து ஒரு முறை ஊற்றி, சுத்தமான துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். விரலிடுக்குகளும் உலர்ந்தாக வேண்டும்.

கட்டு: இறுக்கமன்று, அளவே பாதுகாப்பு

எங்கள் பிழை நேர்ந்த இடம் இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறோம்.

காயத்தின் மேல் முதலில் வைக்க வேண்டியது ஒட்டாத காஸ் துணி. பஞ்சை நேரடியாக வைத்தால் இழைகள் புண்ணில் ஒட்டிக்கொள்ளும். விரல்களுக்கு இடையே சிறு சிறு பஞ்சு உருண்டைகளை வைக்க வேண்டும். வியர்வையால் இடுக்குகள் அழுகாமல் இவை காக்கும். அதன்மேல் பஞ்சை ஒரு மென்மையான உறைபோலச் சுற்ற வேண்டும். பின் கட்டுத்துணியை விரல்முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடும்படி, மணிக்கட்டுக்கு மேல் வரை கொண்டுசெல்ல வேண்டும். நடுவிலிருந்து தொடங்கினால் கீழே குருதி தேங்கிப் பாதம் வீங்கும். கணுவுக்குக் கீழேயே முடித்துவிட்டால் கட்டு நழுவிச் சுருண்டு, சுருண்ட இடத்தில் கயிறாகி இறுக்கும்.

நடுவிலுள்ள இரு விரல்களின் நுனி வெளியே தெரியும்படி விட வேண்டும் என்றார் மருத்துவர். அவ்விரு நகங்களே நமக்குச் சாட்சி. அவை ஒன்றையொன்று விட்டு அகன்று நின்றால் வீக்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். தொட்டால் குளிர்ந்திருந்தால் குருதியோட்டம் தடைப்படுகிறது என்று பொருள். எங்கள் கட்டோ விரல்முனை வரை மூடி, அதன்மேல் பால் உறையும் மாட்டியிருந்தது. பார்க்க நினைத்திருந்தாலும் எதையும் பார்த்திருக்க இயலாது. கட்டின் மேல் விளிம்பில் ஒரு விரல் தடையின்றி நுழைய வேண்டும் என்பது மற்றொரு சோதனை.

ரப்பர் பேண்டு, நூல், சணல், தலைமுடிப் பட்டை ஆகிய எதுவும் நாயின் காலில் ஏறலாகாது. அவை மயிருக்குள் மறைந்துவிடும். மறைந்தவுடன் நாமும் மறந்துவிடுவோம். கட்டு கழலாதிருக்க மருத்துவ ஒட்டுப் பட்டையை மேல் விளிம்பில், இழுக்காமல், ஒரு சுற்று ஒட்டினால் போதும். வெளியே அழைத்துச் செல்லும்போது மட்டும் பிளாஸ்டிக் உறையைத் தளர்வாக மாட்டலாம். வீட்டுக்குள் வந்தவுடன் கழற்றிவிட வேண்டும்.

கட்டை நாள்தோறும் ஒரு முறை பிரித்துப் பார்ப்பது முறை. நனைந்துவிட்டால் அந்த மணிநேரத்திலேயே மாற்ற வேண்டும். ஈரக் கட்டைவிடக் கட்டே இல்லாத கால் மேலானது. நாய் கட்டைக் கடித்துப் பிய்த்தால் கூம்பு வடிவக் கழுத்துப் பட்டையை அணிவிக்கலாம். அமைதியாக இருந்த நாய் திடீரென்று கட்டைக் கடிக்கத் தொடங்கினால் அதைக் குறும்பென்று எண்ணி அதட்டுவது தவறு. உள்ளே ஏதோ இறுக்குகிறது என்று அது நமக்குச் சொல்கிறது. திங்கட்கிழமை முழுவதும் மணி பால் உறையைக் கடித்துக்கொண்டே இருந்தான் என்பதைப் பின்னர் காவலாளி கூறினார்.

நம் மருந்துகள் அதற்கு நஞ்சாகலாம்

வலியால் முனகும் உயிரைப் பார்த்தவுடன் கை நம் மருந்துப் பெட்டியை நாடுகிறது. அதுவே பேராபத்து. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கக்கூடும். பூனைக்கு அரை மாத்திரையே உயிரைப் போக்கலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை நாயின் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கும். ஓர் உயிருக்கு மருந்தானது மற்றோர் உயிருக்கு நஞ்சாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய சான்று உண்டு. மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அவற்றின் உடலைத் தின்ற கழுகுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்தது. ஆதலால் கால்நடை மருத்துவத்தில் அம்மருந்தை இந்திய அரசு 2006ஆம் ஆண்டில் தடைசெய்தது. நாய்க்குரிய வலிநீக்கிகள் தனியே உள்ளன; அவற்றை எடை பார்த்து மருத்துவரே தர வேண்டும்.

புண்ணின் மேல் இடுவனவற்றிலும் கவனம் வேண்டும். ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுவையும் அழிக்கின்றன. நீர்க்காத டெட்டால், ஃபினைல் போன்றவை தோலைப் பொசுக்குவதோடு நக்கும்போது வயிற்றுக்குள்ளும் செல்லும். காப்பித்தூள், சாம்பல், மிளகாய்ப்பொடி ஆகியவை புண்ணுக்குள் அழுக்கைச் சேர்ப்பனவே. மஞ்சள் நம் மரபில் மதிப்புடைய பொருள்தான். ஆயினும் கடைப்பொடியை ஆழமான வெட்டில் அப்பினால் அது கட்டியாகி உள்ளேயிருக்கும் சீழை மறைத்துவிடும். ஆச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் வருந்தவில்லை. "அப்பம் மேல்காயத்துக்கு மட்டும்னு வச்சுக்குவோம் தம்பி" என்று தீர்ப்பளித்தார்.

மழைக்காலத்தில் தெருநாய்களின் புண்ணில் ஈ முட்டையிட்டுப் புழு வைப்பது மும்பையில் அடிக்கடி காணும் கொடுமை. மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ ஊற்றிப் புழுவை விரட்டும் பழக்கம் இன்றும் உள்ளது. அது உயிருள்ள தசையையும் எரிக்கிறது. புழுவைக் கண்டால் வீட்டு மருத்துவம் அங்கே முடிந்துவிட்டது. மருத்துவரிடமே செல்ல வேண்டும்.

தேங்கிய நீரும் நம் கைகளும்

கோவண்டியில் வாழ்வோருக்கு இன்னொரு செய்தி முக்கியமானது. எலியின் சிறுநீரில் வெளிப்படும் லெப்டோஸ்பைரா கிருமி, தேங்கிய மழைநீரில் கலந்து, தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உடலுக்குள் புகும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பெய்து நகரம் மூழ்கியதை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வெள்ளத்தைத் தொடர்ந்து வந்த எலிக்காய்ச்சல் பல உயிர்களைக் கொண்டுசென்றது. மனிதரைப் போலவே நாய்க்கும் இந்நோய் வரும். நோயுற்ற நாயின் சிறுநீரிலிருந்து மனிதருக்கும் பரவும். எனவே பாதத்தில் காயமுள்ள நாயைத் தேங்கிய நீரில் நடத்தலாகாது. வளர்ப்பு நாய்களுக்கு ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் இதற்கான மருந்தும் சேர்ந்துள்ளதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாம் கையுறை அணிந்து சிகிச்சை செய்வதும், முடித்தபின் சோப்பிட்டுக் கழுவுவதும் இதனாலேயே.

வெறிநோயைப் பற்றி இரு கருத்துக்கு இடமில்லை. பல் பட்டாலும், நம் கையிலுள்ள கீறலில் எச்சில் பட்டாலும், அவ்விடத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மணிக்குத் தடுப்பூசி போட்டிருந்தும், மருத்துவர் சொற்படி எங்களில் கீறல்பட்டவர் ஊசி முழுவதையும் போட்டுக்கொண்டார். வெறிநோய் வந்தபின் அதற்கு மருந்தில்லை; வருமுன் மருந்து உறுதியாக உண்டு.

எப்போது, எங்கே செல்வது?

கீழ்க்காணும் நிலைகளில் வீட்டுச் சிகிச்சை போதாது:

• பதினைந்து நிமிட அழுத்தத்துக்குப் பிறகும் குருதி நிற்காமை
• மெத்தை பிளந்து உள்திசு தெரிதல், அல்லது ஒரு பகுதி தொங்குதல்
• ஆழமாகப் பதிந்த கண்ணாடி, ஆணி, கம்பி
• காலை ஊன்றவே இயலாமை, வளைந்து தொங்குதல், வாகனம் ஏறியிருத்தல்
• வீக்கம், சீழ், நாற்றம், புழு
• ஒரு நாளுக்கு மேல் உணவை மறுத்தல், சோர்ந்து கிடத்தல்

தையல் தேவைப்படும் காயத்தில், முதல் சில மணி நேரத்துக்குள் சென்றால் தையல் நன்கு பிடிக்கும். மறுநாள் பார்ப்போம் என்று விடுவது காயத்தையும் வளர்க்கும், செலவையும் வளர்க்கும்.

நம் நகரத்துக்கு இத்துறையில் நீண்ட வரலாறு உண்டு. 1832ஆம் ஆண்டு ஆங்கிலேய ஆட்சியினர் தெருநாய்களைக் கொல்ல முற்பட்டபோது, பார்சிகள் முன்னின்று கடைகளை அடைத்துக் கிளர்ச்சி செய்தனர். அதே நூற்றாண்டில் பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை எழுந்தது. 1886இல் பம்பாய்க் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பரேலில் தொடங்கியது. 2024இல் மகாலட்சுமி பகுதியில் டாட்டா அறக்கட்டளையினரின் சிறு விலங்கு மருத்துவமனை திறக்கப்பட்டது. தெருநாய்களுக்கு அவை இருக்கும் இடத்திலேயே முதலுதவி செய்யும் பணியையும், அதற்கான பயிற்சியையும் 'வெல்ஃபேர் ஆஃப் ஸ்ட்ரே டாக்ஸ்' அமைப்பு நெடுங்காலமாக நடத்திவருகிறது. சென்னை உறவினர்களுக்கு, கேப்டன் வி. சுந்தரம் 1959இல் நிறுவிய புளூ கிராஸ் நினைவுக்கு வரும்.

ஆயினும் கோவண்டியிலிருந்து பரேல் செல்வதென்றால், ஆட்டோ சயான் வரைதான் வரும். அதற்கப்பால் டாக்சி பிடிக்க வேண்டும். குருதி வடியும் நாயை ஏற்ற எல்லா ஓட்டுநரும் இசைவதில்லை. மழை இரவில் கேட்கவே வேண்டா. வீட்டு முதலுதவி மருத்துவத்துக்கு மாற்றன்று. அது மருத்துவரை அடையும் வரை காக்கும் பாலம். அருகிலுள்ள மருத்துவரின் எண்ணும், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதும் முன்னரே நம் கைப்பேசியில் பதிந்திருக்க வேண்டும்.

சிறு முதலீடு

வங்கியில் பணிபுரிவோர் எழுதும் கட்டுரையில் கணக்கு இல்லாமல் இருக்குமா? எங்கள் வீட்டில் இப்போது ஒரு பழைய இனிப்புப் பெட்டி மணிக்கென்று உள்ளது. அதில் இருப்பவை:

• காஸ் துணி, பஞ்சு, மூன்று அங்குலக் கட்டுத்துணிச் சுருள்கள்
• மருத்துவ ஒட்டுப் பட்டை, நுனி மழுங்கிய கத்தரிக்கோல், இடுக்கி
• பாவிடோன் அயோடின் கரைசல்
• கையுறைகள், வாய்க்கட்டுக்கு ஒரு மென்துணி, சிறு டார்ச்சு விளக்கு
• தடுப்பூசி அட்டை, மருத்துவரின் தொலைபேசி எண்

இவ்வளவுக்கும் சில நூறு ரூபாய்தான் செலவாயிற்று. எங்கள் கவனக்குறைவால் நேர்ந்த புண்ணுக்கு அதைப்போல் பன்மடங்கு செலவிட்டோம். நாய் வளர்க்கும் குடும்பங்கள், அவசரத் தேவைக்கென ஒதுக்கும் சேமிப்பில் அதற்கும் ஒரு பங்கை எண்ணிக்கொள்வது பொருத்தம். மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்பில் போட்டுவந்தால், மருத்துவர் தையல் என்று சொல்லும் நாளில் தயங்க வேண்டியதில்லை. பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் சில வளர்ப்பு நாய்களுக்குக் காப்பீடு வழங்குகின்றன. நாயின் வயது வரம்பு, தடுப்பூசிச் சான்று, எந்தெந்தச் சிகிச்சைக்குத் தொகை கிடைக்காது என்பவற்றை ஒப்பமிடும் முன் படித்தறிய வேண்டும். வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சியின் உரிமம் பெறுவதையும் மறவாதீர்கள்.

ஒரு தாள் பொட்டலம்

மணியின் காலைக் கிழித்த கண்ணாடி எங்கிருந்து வந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. குடியிருப்பின் பின்புறமுள்ள குப்பைத் தொட்டியருகே உடைந்த புட்டியொன்று கிடந்ததைப் பின்னர் கண்டோம். எங்கள் குப்பை செல்லும் தேவனார்க் குப்பைமேடு இங்கிருந்து தொலைவில் இல்லை. 1927 முதல் இந்நகரம் கழித்தவை அங்கே குவிந்துவந்துள்ளன. அங்கே பொறுக்கிப் பிழைக்கும் மனிதர்களின் கைகளையும் கால்களையும் அதே கண்ணாடிதான் கிழிக்கிறது. அவர்களுக்குக் கட்டுப்போடுவார் யார் என்ற எண்ணம் அந்த ஐந்து வாரங்களில் பலமுறை வந்தது.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் தொடங்கியது. கண்ணாடி உடைந்தால் அதைப் பழைய செய்தித்தாளில் தடிமனாகச் சுற்றி, ஒட்டி, மேலே சிவப்பு மையால் 'காஞ்ச்' என்று இந்தியில் எழுதி, குப்பை எடுக்க வருபவரின் கையிலேயே தருகிறோம். மகள் அதைச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும் எழுதி ஒட்டினாள். முதல் வாரம் இரண்டு வீடுகள். இப்போது ஏறத்தாழ எல்லா வீடுகளும்.

மணி நலமாக இருக்கிறான். ரப்பர் பேண்டு அறுத்த இடத்தில் மயிர் முளைக்கவில்லை. வளையம்போல் ஒரு வெண்தழும்பு நிற்கிறது. மாலையில் நாங்கள் ரயில் நிலையத்திலிருந்து திரும்பும்போது வாயில் வரை ஓடிவருகிறான். ஓடிவரும் காலில் முதலில் எங்கள் கண்ணுக்குப் படுவது அத்தழும்புதான். மாடி ஏறுமுன் ஒரு முறை குனிந்து நான்கு பாதங்களையும் பார்த்துவிட்டுத்தான் செல்கிறோம்.